அது எக்காளக் கொடி அல்ல

மகனே,

மீராவிடம் நேற்று அவசரமாகச் சொன்னதை இங்கே எழுத்தில் திரும்பவும் சொல்கிறேன். உன் வேலியில் ஏறியிருக்கிற கொடியைத் தொடாதே. தொட்டிருந்தால் கையையும் முகத்தையும் குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவு, போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் தோய். மீரா பிள்ளைத்தாய்ச்சிப் பெண், அந்தப் பக்கமே போகவேண்டாம். வெட்டிக் குவித்துக் கொளுத்தலாம் என்று கனவிலும் நினைக்காதே. அந்தப் புகை உள்ளே போனால் நெஞ்சு வெந்துவிடும். இப்படிப்பட்ட கொடிகளை அகற்றப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடு.

நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய் என்பது என் காதில் இன்னும் நிற்கிறது. "அம்மா, உங்கட கொடி இஞ்சையும் கிடக்கு. வேலி முழுக்க ஏறி, இலையெல்லாம் சிவத்து, நல்ல வடிவு. நான் வெட்டாமல் விட்டிருக்கிறன். நீங்கள் இஞ்சை வந்தால் உங்களுக்கு ஒரு குறையும் தெரியாது." இலை எப்படி என்று கேட்டேன். "மூண்டு மூண்டாய்" என்றாய். நான் வாய் திறக்குமுன், வேறு அழைப்பு வருகிறது, பேந்து கதைக்கிறன் என்று வைத்துவிட்டாய். உன் பேந்து எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உடனே மீராவைக் கூப்பிட்டேன், இப்போது உனக்கு எழுதுகிறேன். கொடியைப் பற்றியும் எழுதவேண்டும், வீட்டைப் பற்றியும் எழுதவேண்டும். ஏப்ரலில் நடந்ததற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் காலநிலையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கொடி. எங்கள் வீட்டு எக்காளக் கொடியின் இலையைப் பார்த்தால் வேப்பிலை ஈர்க்கு ஞாபகம் வரவேண்டும். ஒரு நடுத்தண்டு, அதன் இரண்டு பக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலை, நுனியில் ஒன்று தனியாக. ஓரமெல்லாம் வாளின் பல்போல. வேப்பிலையைவிட அகலம், கைப்பு மணம் கிடையாது, அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் அது மஞ்சளாகும், உன் வேலியில் இருப்பதைப்போல் இரத்தச் சிவப்பாகாது. கோடையில் செம்மஞ்சள் நிறத்தில் விரல் நீளக் குழல்களாகக் கொத்தாகப் பூக்கும். பூ விழுந்த பிறகு அவரைக்காய்போல நீண்ட காய் தொங்கும். ஐந்து இலை கைவிரல் விரித்ததுபோல ஒரே இடத்திலிருந்து பிரிந்தால், அது இங்கே எல்லாச் சுவரிலும் ஏறுகிற வேறு கொடி, அதைத் தொட்டால் பெரிதாகத் தீங்கில்லை. மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு, பக்கத்தில் வெள்ளையாகச் சின்னப் பழம் என்றால் அது நச்சுக்கொடி. இலை எல்லாம் கொட்டிப்போய் வெறும் தண்டாக நிற்கிற பனிக்காலத்திலும் அதைத் தொட்டால் கொப்புளம் போடும்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது அல்ல. நீ தூரத்தில் வாட்டர்லூவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், உன் அப்பாவின் உடம்பில் படித்தது. உனக்குப் பரீட்சை என்று அப்போது சொல்லவில்லை. பிறகு அவர் சொல்ல விடவில்லை.

வில்லரேயில் இந்த வீட்டுக்கு வந்த முதல் கோடையிலேயே அப்பாவின் கண் பக்கத்து வீட்டு வேலியில் விழுந்துவிட்டது. மதாம் தெரேஸ் அப்போதுதான் தபால் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். அவளுடைய வேலியின் அந்தக் கோடியில், பின் ஒழுங்கைப் பக்கம், அந்தக் கொடி பற்றி எரிவதுபோலப் பூத்திருந்தது. விரல் நீளமும் இல்லாத ஒரு குருவி, சிறகு கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அடித்தபடி, காற்றில் ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு பூவுக்குள்ளும் அலகை விட்டு எடுத்தது. அப்பா உடுப்புத் தைக்கிற ஆலையில் துணி அழுத்துகிற பகுதியில் நாள் முழுக்க நீராவியில் நின்றுவிட்டு வருவார். வந்ததும் தேத்தண்ணியோடு பின் படியில் உட்கார்ந்து அந்தக் குருவியைப் பார்ப்பார். மதாம் அந்தக் கொடிக்கு பிஞோன் என்று ஏதோ பெயர் சொன்னாள். அப்பா, "வானத்துச் சம்மனசுகள் ஊதுற எக்காளம் மாதிரியெல்லோ இருக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது எக்காளக் கொடி.

ஒரு துண்டு கேட்டார். மதாம் கையை விரித்துவிட்டாள். "நோ, நோ, மிஸ்யூ. இதைத் தந்தால் அடுத்த வருஷம் என்னைச் சபிப்பீர்கள். இது ஒரு இடத்தில் நிற்காது. மண்ணுக்கு அடியால் ஓடும்." அவள் கஞ்சத்தனத்தில் சொல்லுகிறாள் என்று அப்பா நினைத்துவிட்டார். அவருக்கு ஒன்று மனதில் விழுந்துவிட்டால் எடுக்க முடியாது. நீயும் அந்த வளர்ப்புத்தான்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் மாதா கோயில் ஆட்கள் எல்லோருமாக ஆற்றங்கரைக்குப் பிக்னிக் போனோம். எங்கே தெரியுமா? இல்-பிசாரில், நீ இப்போது வீடு வாங்கியிருக்கிற அதே தீவில். ஆண்கள் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்க, அப்பா மரங்களுக்குள் நடந்துபோய்விட்டார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை, முகத்தில் வெற்றி. "இஞ்ச பாரும், கொடி. வேரோட கிண்டினனான். இனி அந்த மனிசியிட்டைக் கெஞ்சத் தேவையில்லை." பூ எங்கே என்று கேட்டேன். இளங்கொடி, பிறகு பூக்கும் என்றார். இலை மூன்றுதானே, மதாமின் கொடியில் நிறைய இருக்குமே என்றேன். வளர வளரக் கூடும் என்றார். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வந்தார். கோழிக்குஞ்சை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு வந்து, அன்றைக்கே பின் வளவில் நட்டார்.

மறுநாள் கை அரித்துக் கடித்தது. அதற்கடுத்த நாள் முழங்கை வரை கொப்புளம், பிறகு கழுத்து, பிறகு முகம். இரண்டு கண்ணும் மூடிப்போயின. கோயிலில் ஒருவர் அக்கி என்றார், இன்னொருவர் பிக்னிக்கில் சாப்பிட்ட இறால் என்றார், ஒரு மாமி வந்து அம்மை என்று சொல்லி வேப்பிலைக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டாள். கிளினிக்கில் டொக்டர் பார்த்தவுடனே, தோட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு அப்போதுதான் வெளித்தது. அவர் அழவில்லை, கோபப்பட்டார். வீட்டுக்கு வந்து, பாதி மூடிய கண்ணோடு கொடியைப் பிடுங்கி, பழைய வாளிக்குள் போட்டு, நெருப்புப்பெட்டியை எடுத்தார். நான் குசினியில் நிற்கிறேன். மதாம் தெரேஸ் வீட்டுச் செருப்போடு ஒழுங்கையைச் சுற்றி ஓடி வருகிறாள், "மொன் திய, எரிக்காதே, எரிக்காதே!" என்று கத்திக்கொண்டு. அவள் அப்படி ஓடி நான் அதற்கு முதலும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை. நெருப்புப்பெட்டியை அவர் கையிலிருந்து தட்டிவிட்டாள். அவளுடைய தம்பி ஒருவன் சின்ன வயதில் அந்தப் புகையைச் சுவாசித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவனாம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

அப்பா அந்த வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா, உங்களுக்கு விசரே?" என்று நான் கேட்டேன். வீங்கின முகத்தோடு அவர் சிரிக்கத் தொடங்கினார், மதாமும் சிரித்தாள். ஆடி மாதம் அவர் தோல் ஆறியபோது, அவள் தன் வேலிக்கடியில் முளைத்த ஒரு கன்றை வேரோடு கிண்டிப் பழைய தாச்சிச்சட்டியில் கொண்டுவந்து தந்தாள். "பரிதாபப்பட்டுத் தருகிறேன். இரண்டு சொல் கேளுங்கள். வீட்டுச் சுவரில் ஏற்றாதீர்கள். உரம் போடாதீர்கள்." அப்பா இரண்டுக்கும் ஓம் என்றார். இரண்டையும் செய்தார்.

சுவரில் ஏற்றியதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. பின் சுவர் தெற்குப் பார்த்தது, செங்கல் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், இந்த ஊர்க் குளிருக்கு அதுதான் இதம் என்றார். உரத்துக்கு நியாயமே இல்லை, ஆசைதான். மீன் கழுவிய தண்ணீர், புல்லுக்குப் போடுகிற உரம், தேயிலைச் சக்கை எல்லாம் அதற்கே போயின. கொடி இலையாகவே வளர்ந்தது. குசினி யன்னலை மூடி, கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியை மூடி, ஒரு பூ இல்லை. நிறையச் சாப்பாடு கொடுத்தால் இலைதான் வரும், பூ வராது. வெயில் வேண்டும், வறண்ட மண் வேண்டும், இளவேனிலில் இலை வருமுன் ஈவிரக்கமில்லாமல் வெட்டவேண்டும். அந்த வருஷத்துப் புதுத்தண்டில்தான் அது பூக்கும். இதையெல்லாம் அப்பா ஒவ்வொரு வருஷமாகப் பிழை செய்து கண்டுபிடித்தார். ஒரு பனிக்காலம் நிலத்துக்கு மேலே எல்லாம் செத்துவிட்டது. மே மாதம் எல்லா மரமும் பச்சையாக நிற்க, அது விறகாக நின்றது. நான் பிடுங்கச் சொன்னேன். "பொறும். இது பிந்தி எழும்புற சாமான்" என்றார். ஆனி மாதம் அடியிலிருந்து கிளம்பியது. ஆகவே நீ எப்போதாவது இதை வைத்தால், ஆனி பிறக்கும் வரைக்கும் செத்துவிட்டது என்று தீர்மானிக்காதே. பனி விழுமுன் அடியில் காய்ந்த இலையைக் குவித்துவிடு.

உரத்தை நிறுத்திச் சில வருஷம் கழித்து ஒரு ஆடி மாதம் பூத்தது. ஒரே ஒரு கொத்து, யன்னலுக்கு மேலே. அப்பா ஏணி வைத்து ஏறி, மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்த்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு பூவையும் மணந்தார். பிறகு, "எடியே, இதுக்கு மணமே இல்லை!" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. மாதா சுரூபத்துக்கு வைக்கவென்று அதிலிருந்து இரண்டு பூ பறித்தார். எறும்பு வரிசையாக வெளியே வந்தது, பூ அன்றைக்கே கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பறிக்கவில்லை. குருவி வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. இன்னும் இரண்டு கோடை அதைப் பார்த்தார். பிறகு அந்த மாசி மாதம், உனக்குத் தெரியும்.

இனி வீடு. அப்பா போய் ஒரு வருஷம் திரும்புமுன்பே நீ தொடங்கிவிட்டாய். அங்கே வாங்கோ, பெரிய வீடு, உங்களுக்குத் தனி அறை, பனி தள்ளத் தேவையில்லை. உன் மனம் எனக்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏப்ரலில் நீ என்னிடம் ஒரு சொல் கேளாமல் வீடு விற்கிற ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அந்த மனிதர் சப்பாத்தோடு என் குசினிக்குள் நடந்தார். பின்னால் போய், கொடியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்தார். சாந்து தூளாகக் கொட்டியது. கார்த் திறப்பை எடுத்து இன்னொரு இடத்தில் சுரண்டினார், அங்கும் கொட்டியது. "இது வீட்டைத் தின்கிற செடி, மதாம். இது நிற்கும்வரை யாரும் வாங்கமாட்டார்கள்" என்றார். நீ என்னைப் பார்த்து, "அம்மா, முதல் இதை வெட்டி எறிவம். இந்த வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாய். நான் தேத்தண்ணி ஊற்றினேன். உனக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, பிற ஆளுக்கு முன்னால் சொல்ல விரும்பவில்லை.

நீங்கள் போன பிறகு நான் பின்னால் போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். அந்த மனிதர் சொன்னது சரி. கொடி தண்டிலிருந்து தூரிகை மயிர்போலச் சின்ன வேர்களை விட்டு ஒட்டிப் பிடிக்கும். நல்ல சுவரை அது ஒன்றும் செய்யாது, சாந்து பழசாகி வெடித்த சுவரில் வெடிப்புக்குள் போய்விடும். எங்கள் சுவர் பழசு. மதாம் சொன்னதும் இதுதான். ஆனால் வெட்டவேண்டியது என்பதும் விற்கவேண்டியது என்பதும் ஒன்றல்ல. சுவர் பழுதென்றால் சுவரைத் திருத்தவேண்டும்.

மறுநாள் காலை மதாமின் கைவாளை வாங்கினேன். கையுறை, முழுக்கைச் சட்டை போட்டேன், அதன் பாலும் சிலருக்குக் கடிக்கும். மேலேயிருந்து கீழே துண்டு துண்டாக அறுத்தேன். இழுத்தால் சாந்தும் சேர்ந்து வரும், ஆகவே தண்டை அறுத்துவிட்டு ஒட்டினதைக் காய விட்டுப் பிறகு சுரண்டினேன். ஒரு நாளில் முடியவில்லை. அப்பா ஏறின ஏணியில் நானே ஏறினேன். பீலியைப் பிடித்திருந்த கடைசித் தண்டையும் அறுத்தேன். அழுதேன் என்றும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் கல் அல்ல என்று நீ அறியவேண்டும். பிறகு ஒரு மேசனைப் பிடித்துச் சுவர் முழுக்கப் பழைய சாந்தைக் கிண்டிப் புதுச் சாந்து வைப்பித்தேன். குசினிக்குள் இப்போது அவ்வளவு வெளிச்சம்.

கொடியை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அடியிலிருந்து வேர்த்துண்டு ஒன்றை எடுத்து, வளவின் அந்தக் கோடியில், சுவருக்கும் மதாமின் வேலிக்கும் தூரத்தில் வைத்திருக்கிறேன். வேர் ஓடாமல் இருக்க, அடி வெட்டின பெரிய பீப்பாவை நிலத்துக்குள் இறக்கி அதற்குள் நட்டேன். அது ஏற இரும்புக் குழாய் ஒன்றைச் சீமெந்து போட்டு நிறுத்தியிருக்கிறேன். மெல்லிய தடி தாங்கக் காணாது, நாளைக்கு அது மரம்போலத் தடித்துப் பாரமாகும். பழைய இடத்தில் இன்னும் முளை வருகிறது, கிழமைக்குக் கிழமை கிள்ளுகிறேன். புதியது பூக்க இன்னும் சில வருஷம் செல்லும். செல்லட்டும்.

அந்தக் குழாயை நான் தனியே நிறுத்தவில்லை. அன்றைக்கு மதாம் சீமெந்து குழைத்தாள், நான் ஊற்றினேன், ரசமட்டத்தை வைத்துக் குழாய் நேராக நிற்கிறதா என்று பார்த்தது உன் மனைவி. ஓம், மீராதான். ஆனி மாதம் ஒரு பின்னேரம் வேலை முடிந்து மெட்ரோவில் நேரே இங்கே வந்தாள். சும்மாதான் வந்தேன் அத்தை என்றாள். எங்கள் பக்கம் மாமி என்றுதான் சொல்வோம் என்று முதல் வருஷம் திருத்திப் பார்த்தேன், இப்போது எனக்கே அத்தைதான் நல்லாயிருக்கிறது. "பாரம் தூக்காதேயும், பிள்ளை" என்றேன். "தூக்கல அத்தை. நான் இஞ்சினியர், பாக்கறது மட்டும்தான். கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளுங்க" என்றாள். அதற்குப் பிறகு அடிக்கடி வந்தாள். உனக்குச் சொல்லலாம் என்று அவளே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

ஆடி மாதம் அந்த ஏஜென்ட் என்னையே கூப்பிட்டார். சுவர் திருத்தியாயிற்று என்று யாரோ சொன்னார்களாம், வாங்க ஆள் வந்திருக்கிறதாம். முதியோர் இல்லச் சமையலறையில் இத்தனை வருஷம் நான் கற்ற பிரெஞ்சு முழுவதையும் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "மிஸ்யூ, இந்த வீட்டில் நான் இருக்கிறேன். இது விற்பனைக்கு இல்லை. மெர்சி, போன்ஜூர்." இங்கே விடைபெறுவதற்கும் போன்ஜூர்தானே. ஆனால் அவரிடம் வேலையைக் கொடுத்தது நீ. அதை நிறுத்தவேண்டியதும் நீதான். நாளைக்கே கூப்பிட்டுச் சொல்.

எனக்கு வயது போகிறது, முழங்கால் வலிக்கிறது, பனியைப் பார்த்தால் முன்போலத் துணிவு இல்லை. எல்லாம் உண்மை. முன் படியில் பனி தள்ள ஒழுங்கை முனையில் இருக்கிற ஒரு ஆளோடு கதைத்து வைத்திருக்கிறேன். இங்கே எனக்குக் கடை நடை தூரம், கோயில் ஒரு பஸ், வேலி தாண்டினால் மதாம். உன் தீவில் நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் நான் யன்னலோடு கதைக்கவேண்டும். என்னால் இந்த வீட்டில் இருக்க முடியாத ஒரு நாள் வரும். அந்த நாளை நான் சொல்லுவேன். ஒளிக்கமாட்டேன், பிடிவாதத்துக்காக விழுந்து கிடக்கமாட்டேன், உன்னைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். ஆனால் அது நான் சொல்லவேண்டிய சொல். எனக்காக வேறு யாரும் அதைச் சொல்லக்கூடாது, நீயும்கூட.

இன்னுமொரு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை மீரா என் குசினி மேசையில் உட்கார்ந்து முருங்கையிலைச் சுண்டல் சாப்பிட்டபடி சொன்னாள்: "பாப்பா பொறந்ததும் முதல் ரெண்டு மாசம் நான் இங்க வந்து இருக்கேன் அத்தை. எங்கம்மாவுக்கு இன்னும் விசா வரல. அங்க பஸ்ஸே கெடையாது, அவர் ஆபீஸ் போயிட்டா நான் யார் மூஞ்சியப் பாக்கறது?" அவனிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "நான் சொன்னா விளையாட்டுன்னு நினைப்பார். நீங்க எழுதுங்க, நம்புவார்" என்றாள். எழுதிவிட்டேன். நீயும் இங்கே வந்து இரு, உனக்கு வேலைக்கு மெட்ரோ கிட்ட. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சரக்கு வாங்கி வறுத்துத் தூளாக இடித்து வைத்துவிட்டேன். முன் அறையைப் புதிதாகப் பூசுவித்து, திரைச்சீலை தோய்த்துப் போட்டிருக்கிறேன்.

கட்டில் மட்டும் இன்னும் பேஸ்மென்டில் கிடக்கிறது. அதை மேலே ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒரு ஆள் நான். சனிக்கிழமை காலை வா.

அம்மா